எழுந்த மாடுகளும் எழாத மாடுகளும்

வின்டன், சவுத்லாந்து
ஆகஸ்ட் கடைசி

அன்புள்ள மெர்வினுக்கு,

நெல்சனில் வெயில் அடிக்கிறது என்று உன் தங்கை ஐலீன் சொன்னாள். இரண்டு வேளையாவது சாப்பிடுகிறாயாம், தோட்டத்தில் நாற்காலி போட்டு உட்காருகிறாயாம். போனில் பேச உன்னால் இப்போதைக்கு முடியாது, கடிதம் வந்தால் படிப்பாய் என்றாள். அதனால் எழுதுகிறேன். கல்யாணமான நாளிலிருந்து ஒரே கூரைக்குக் கீழே இருந்துவிட்டோம். உனக்கு எப்படிக் கடிதம் எழுதுவது என்றே தெரியவில்லை. பால் கொட்டகைப் பலகையில் சாக்பீஸால் எழுதி வைப்பேனே, கேட்டை மூடு, மேட்டு வயலில் தண்ணீர் வரவில்லை என்று, அந்த மாதிரிதான் வரும். பொறுத்துக்கொள்.

இங்கே மழை விடவில்லை. ஆற்றோர வயல் முழுக்கச் சேறு. கன்று ஈனல் பாதிக்கு மேல் முடிந்துவிட்டது. கிடாரிக் கன்றுகள் இந்த வருஷம் நல்ல திடமாக இருக்கின்றன. ஆர்னெல் லீவு எடுக்காமல் வேலை செய்கிறான். அவன் மனைவி மணிலாவிலிருந்து வரும் நாளைத் தள்ளிப்போட்டுவிட்டான். தள்ளிப்போட வேண்டாம் என்று நான் சொன்னேன். "பாஸ் வந்ததும் அவளை வரவழைச்சுக்கிறேன் மேடம், இப்ப எப்படி வேலையை விட்டுட்டுக் கூட்டிட்டு வரப் போறது" என்கிறான். காலைப் பாலுக்கு டூகல் வந்து கை கொடுக்கிறார். அவர் பண்ணை வேலையையும் பார்த்துக்கொண்டு வருகிறார். நன்றி சொன்னால், பக்கத்து வேலிக்காரன் வேறு எதற்கு இருக்கிறான் என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

கிர்ஸ்டி மெல்பர்னிலிருந்து ஞாயிறுதோறும் பேசுகிறாள். அப்பாவுக்கு முதுகுவலி, அத்தை வீட்டில் ஓய்வெடுக்கிறார் என்று சொல்லி வைத்திருக்கிறேன். அவள் நம்பவில்லை. ஆனால் கேட்கவும் இல்லை. உன் பெண் அல்லவா.

துப்பாக்கி இரண்டையும் டூகல் தன் வீட்டுக்கு எடுத்துப்போய்விட்டார். அவர் பக்கம் முயல் தொல்லை அதிகமாம். நீ தேடினால் தெரியட்டும் என்று எழுதுகிறேன்.

அன்றைக்கு நடந்தது உனக்குச் சரியாக ஞாபகம் இருக்காது என்று டாக்டர் சொன்னார். ஞாபகம் இல்லாத இடத்தில் இன்னும் மோசமானதை நீயே போட்டு நிரப்பிக்கொள்வாய், உன்னை எனக்குத் தெரியும். அதனால் நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன். மாடுகள் ஒவ்வொன்றாக விழுந்து எழ முடியாமல் கிடந்த வாரம் அது; முந்தின நாள்தான் நீ இன்னொரு மாட்டைச் சுட வேண்டி வந்தது. அன்று காலை மேயரம்மா விழுந்து கிடந்தாள். மந்தைக்கு முன்னால் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடப்பாள் என்று நீயே வைத்த பெயர். கால்சியம் ஏற்றிவிட்டு, எழுகிறாளா பார்க்கிறேன் என்று போனாய். ஆர்னெல் ஓடி வந்து, "பாஸ் மாட்டுப் பக்கத்துல படுத்திருக்கார் மேடம், கூப்பிட்டா எழுந்திருக்க மாட்டேங்கிறார்" என்றதும், மாடு மிதித்துவிட்டது என்றுதான் நினைத்தேன். ஓடி வந்தால் உனக்கு ஒரு கீறல் இல்லை. அவள் கழுத்தில் கன்னத்தை வைத்துக்கொண்டு மழையில் படுத்திருந்தாய். கண் திறந்திருந்தது. உன் மழைக்கோட்டு அவள்மேல் இருந்தது. "இவளையும் என்னால முடியாது ரோனா" என்றாய். அவ்வளவுதான் பேசினாய். நானும் டூகலும் உன்னை எழுப்பிக் கூட்டிவந்தோம். நீ யாரையும் திட்டவில்லை, யாரையும் அடிக்கவில்லை. வண்டியில் ஏறும்போது பூட்ஸைக் கழற்றிவிட்டுத்தான் ஏறினாய், சேறாகிவிடும் என்று.

மேயரம்மாவைப் பற்றிக் கேட்பாய். அன்று மத்தியானமே போய்விட்டாள். யாரும் சுடவில்லை. நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

அவள் போவதற்கு முன்னால் மெரியானா வந்து ரத்தம் எடுத்துக்கொண்டாள். போன தடவை வந்த ஆள் இல்லை, லீவு முடிந்து வந்திருக்கும் நம் பழைய கால்நடை டாக்டரம்மாதான். இன்னும் சில மாடுகளிடமும் எடுத்தாள். முடிவு வரவில்லை. வந்தால் சொல்கிறேன்.

கம்பளிச் சட்டை இரண்டு அனுப்பியிருக்கிறேன். வெயிலை நம்பாதே, கடற்காற்று.

உன் ரோனா

*

வின்டன்
செப்டம்பர் நடுவில்

அன்புள்ள மெர்வினுக்கு,

உன் அட்டை வந்தது. முன்பக்கம் கடற்கரைப் படம், பின்பக்கம் ஒரே ஒரு வரி. ரத்தத்தில் என்ன இருந்தது? கையெழுத்துக்கூடப் போடவில்லை. தபால் பெட்டி பக்கத்திலேயே நின்று அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

முடிவு போன வாரமே வந்துவிட்டது. உன்னிடம் சொல்லக் கூடாது என்று இரண்டு பேர் சொன்னார்கள். ஐலீன், "அண்ணன் இப்பத்தான் கொஞ்சம் தூங்க ஆரம்பிச்சிருக்கார். ஏதாவது சொல்லி மழுப்பிடு அண்ணி" என்று கெஞ்சினாள். டூகல் பால் கொட்டகையில் குழாயைக் கழுவிக்கொண்டே, "இந்தா பாரு ரோனா, நடந்தது நடந்துபோச்சு. என்ன காரணம்னு தெரிஞ்சு அவன் என்ன பண்ணப்போறான்? ஏதோ வைரஸுன்னு சொல்லிடு. வைரஸ்கிட்ட எவன் சண்டை போட முடியும்?" என்றார். இருவரும் உன்மேல் உள்ள பிரியத்தில்தான் சொன்னார்கள். நானும் வைரஸ் என்று எழுத உட்கார்ந்தேன். எழுத வரவில்லை. வின்டனில் எந்தக் கடையில் காப்பி குடிக்கப் போனாலும் எவனாவது உன் தோளில் தட்டிச் சொல்லிவிடுவான். அப்போது உனக்குத் தெரியும், ரோனாவுக்குத் தெரிந்திருந்தது, சொல்லவில்லை என்று. அதோடு, நீ என்னைத்தானே கேட்டாய்.

ரத்தத்தில் குறைந்திருந்தது பாஸ்பரஸ்.

மெரியானா சமையலறை மேஜையில் உட்கார்ந்து எனக்கு விளக்கினாள். குளிர்காலத் தீனியாக நாம் மேயவிட்ட மாட்டு பீட்ரூட் கிழங்கில் சர்க்கரை உண்டு, தண்ணீர் உண்டு, பாஸ்பரஸ் மட்டும் மிகக் குறைவு. கூடப் போட்ட வைக்கோலிலும் இல்லை. மாடு வயிறு முட்டத் தின்னும், கொழுக்கும், தோல் பளபளக்கும். பார்க்கிறவன் கண்ணுக்கு ஒரு குறையும் தெரியாது. ஆனால் ஜூன், ஜூலை முழுக்க வயிற்றுக்குள் கன்று எலும்பு வளர்க்கிறது. அதற்கு வேண்டியதைத் தாய் தன் எலும்பிலிருந்து எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருக்கிறது. கன்று போட்டுப் பால் சுரந்ததும் மிச்சம் இருந்ததும் அதோடு போய்விடுகிறது. பின்னங்கால் தூக்காது. நாம் எல்லாரும் பால் காய்ச்சல் என்று நினைத்துக் கால்சியம் ஏற்றினோம். நீ ஒவ்வொரு நாளும் சொன்னாயே, "கண்ணு தெளிவா இருக்கு, தீனி திங்குது, ஆனா எழ மாட்டேங்குது, இது என்ன சீக்குடா" என்று. அந்தச் சீக்கு இதுதான்.

இன்னொன்றும் கேட்டாள். குளிர்காலத்தில் மாடுகள் கல்லை, கட்டையை, எலும்பை எதையாவது மென்றதா என்று. ஜூலையில் நீ சிரித்துக்கொண்டே உள்ளே வந்தாய், நினைவிருக்கிறதா? "நம்ம பொண்ணுங்களுக்கெல்லாம் நாய்ப் புத்தி வந்துடுச்சு ரோனா, செத்த ஆட்டு எலும்பைக் கடிச்சுக்கிட்டு நிக்குதுங்க" என்றாய். நானும் சிரித்தேன். கிர்ஸ்டியிடம்கூடச் சொல்லிச் சிரித்தோம். வாய் இருந்தால் கேட்டிருக்கும். வாய் இல்லாததால் எலும்பைக் கடித்துக் காட்டியது. நமக்குத்தான் அந்தப் பாஷை தெரியவில்லை.

முடிவு வந்த அன்றே ஒரு மாடு விழுந்தது. பின்னங்காலில் வெள்ளைச் சாக்ஸ் போட்டது மாதிரி இருக்குமே, அது. மெரியானா இந்தத் தடவை பாஸ்பேட் மருந்தை நரம்பில் ஏற்றினாள். வாய் வழியாகவும் கொடுத்தாள். நாங்கள் மூன்று பேரும் வேலி ஓரமாக நின்றோம். மத்தியானத்துக்கு மேல் அது முன்னங்காலை ஊன்றியது, பின்பக்கத்தைத் தூக்கியது, ஆடியது, நின்றுவிட்டது. நின்றதும் ஒன்றும் நடக்காதது மாதிரி புல்லைக் கடித்தது. ஆர்னெல் தொப்பியைத் தூக்கிப் போட்டுக் கத்தினான். டூகல்கூடக் கை தட்டினார். நான் பால் தொட்டிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். அவர்கள் நான் சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நினைத்திருப்பார்கள்.

இனி எழுதுவதைத்தான் ஐலீனும் டூகலும் உன்னிடமிருந்து மறைக்கச் சொன்னார்கள். நீ எப்படியும் கணக்குப் போட்டிருப்பாய். நீ சுட்ட மாடுகளில் எல்லாம் இல்லாவிட்டாலும் பலவும் எழுந்திருக்கும், மெர்வின். நான் மெரியானாவிடம் நேராகவே கேட்டேன். அவள் சுற்றி வளைக்கவில்லை. ஆமாம் என்றாள்.

எழுதிவிட்டேன். இதைப் படித்துவிட்டுத் தோட்டத்துக்குத் தனியாகப் போகாதே. ஐலீனைக் கூப்பிட்டு உட்கார வைத்துக்கொண்டு மிச்சத்தைப் படி.

பீட்ரூட் போட்டால் மக்னீசியமும் கன்று போட்டபின் சுண்ணாம்பு மாவும் போதும் என்று சொன்ன தீவன ஆலோசகரின் பேச்சை நீ கேட்டாய். அவர் சொன்னதை ஒன்று விடாமல் செய்தாய். மாடுகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அந்தக் கிழங்குக்குப் பழக்கினாய், ஒன்றுக்குக்கூட வயிறு கெடவில்லை. முதலில் விழுந்தபோது டாக்டரைக் கூப்பிட்டாய். வந்தவர் பால் காய்ச்சல் என்றார். விழுந்த மாடு ஒவ்வொன்றையும் இடுப்புக் கவ்வி மாட்டி டிராக்டரில் தூக்கி நிறுத்திப் பார்த்தாய். புண்ணாகாமல் இருக்க இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் புரட்டிப் போட்டாய். வாளியில் தண்ணீர் கொண்டுபோய் வாயில் வைத்தாய். வேதனையில் கிடக்கக் கூடாது என்ற பிறகுதான் சுட்டாய். ஒவ்வொரு தடவையும் வீட்டுக்கு வந்து கையைக் கழுவிக்கொண்டே இருப்பாய். நான் டீயை மேஜையில் வைப்பேன், நீ அதைத் தொடமாட்டாய்.

மெரியானா சொன்னதை அவள் வார்த்தையிலேயே எழுதுகிறேன், அவளே எழுதச் சொன்னாள். "அவர் பண்ணினதெல்லாம் சரி. ஒரே ஒரு சாமான்தான் குறைஞ்சுது. அது குறையும்னு அவருக்கு ஒருத்தரும் சொல்லல. அவர் இடத்துல நான் இருந்திருந்தாலும் அதைத்தான் பண்ணியிருப்பேன்."

இது உன்னைத் தேற்றுமா தெரியவில்லை. என்னை முழுசாகத் தேற்றவில்லை. தெரிந்திருந்தால், தெரிந்திருந்தால் என்று எனக்குள்ளும் ஒன்று சொல்லிக்கொண்டேதான் இருக்கிறது. ஆனால் அதை நீ அங்கேயும் நான் இங்கேயும் தனித்தனியாகக் கேட்டுக்கொண்டிருப்பதைவிட, இரண்டு பேரும் சேர்ந்து கேட்கலாம் என்றுதான் உண்மையை எழுதினேன்.

பதில் எழுது. ஒரு வரி போதும்.

உன் ரோனா

*

வின்டன்
ஜூலை முதல் வாரம்

அன்புள்ள மெர்வினுக்கு,

அதற்குப் பிறகு நீ எழுதவில்லை. நான் எழுதியவற்றில் எதைப் படித்தாய், எதைப் படிக்காமல் வைத்தாய் என்றும் எனக்குத் தெரியாது. அந்தச் செப்டம்பர் கடிதத்தை அனுப்பாமல் இருந்திருக்கலாமோ என்று எத்தனையோ தடவை நினைத்தேன். டூகல் ஒரு நாளும் என்னைக் குத்திக்காட்டவில்லை. அதுவே குத்துவது மாதிரி இருந்தது. கிறிஸ்துமஸ் அன்று நீ போன் செய்தாய். மழையைப் பற்றிப் பேசினாய், ஐலீன் சமைத்த பன்றித் தொடையைப் பற்றிப் பேசினாய். மாடுகளைப் பற்றிக் கேட்பாய், கேட்பாய் என்று நானும் காத்திருந்தேன். போனை வைக்கிறேன் என்றாய்.

பிப்ரவரியில் நீ வந்ததும் எனக்குத் தெரியும். ஐலீனின் கார் நம் கேட் வரைக்கும் வந்து, வெகு நேரம் நின்றுவிட்டுத் திரும்பிப் போனதை டூகல் டிராக்டரிலிருந்து பார்த்தார். உடனே சொல்லவில்லை. ரொம்ப நாள் கழித்து, "அவன் இறங்கணும்னுதான் வந்தான் ரோனா. கதவுகூடத் திறந்துச்சு. கால்தான் வெளியே வரல" என்றார். நான் அப்போது கொட்டகையில் மாலைப் பால் கறந்துகொண்டிருந்திருக்கிறேன். மோட்டார் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு எட்டு வெளியே வந்திருந்தால் உன்னைப் பார்த்திருப்பேன்.

உன்மேல் கோபம் வந்த நாட்களும் உண்டு, அதை மறைக்க மாட்டேன். சேற்றில் வேலிக் கம்பியை இழுத்துக்கொண்டு போகும்போது வாய்விட்டே உன்னைத் திட்டியிருக்கிறேன். ஆர்னெல் காதில் விழாத மாதிரி நடப்பான். அவன் மனைவி ஒருவழியாக வந்து சேர்ந்துவிட்டாள். கெட்டிக்காரி. கன்றுகளை இனி அவள்தான் பார்த்துக்கொள்ளப் போகிறாள்.

அக்டோபரில் எதை விதைப்பது என்று உன்னைக் கேட்டு எழுதினேன். பதில் இல்லை. டூகல், "பேசாம பழையபடி டர்னிப்புக்கே போயிடு, அந்தச் சனியன் கிழங்கு வேண்டாம்" என்றார். பாதி வயலில் டர்னிப்பும் பாதியில் பீட்ரூட்டும் போட்டேன். அது தைரியமா பிடிவாதமா எனக்கே தெரியாது. கிழங்கைக் குற்றம் சொல்லி ஒதுக்கிவிட்டால் அந்த மாடுகள் எதனால் செத்தன என்பதையும் மறந்துவிடுவோம் என்று தோன்றியது.

இப்போது மாடுகள் பால் வற்றிக் குளிர்காலத் தீனியில் நிற்கின்றன. காலையில் அன்றைய பங்குக் கிழங்கைத் திறந்துவிட வேலியை நகர்த்துவதற்கு முன், காற்றுப் புகாமல் புளிக்க வைத்த ஊறுகாய்ப் புல் கட்டைப் பிரித்து வரிசையாகப் போட்டு, அதன்மேல் பாஸ்பேட் தூளைத் தூவுகிறோம். மக்னீசியமும் உண்டு. தெற்குக் காற்று அடித்தால் பாதி தூள் மாட்டுக்கு, பாதி எனக்கு. கண் இமையெல்லாம் வெள்ளை. அதனால் வெல்லப்பாகைத் தண்ணீரில் கரைத்துத் தெளித்துவிட்டு அதன்மேல் தூவுகிறேன், ஒட்டிக்கொள்கிறது. முதலில் எல்லா மாடும் சேர்ந்து நிற்க இடம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்கிறேன். இல்லையென்றால் முரட்டு மாடுகளே எல்லாவற்றையும் நக்கிவிடும், இளசுகளுக்குக் கிடைக்காது. மெரியானா போன வாரம் வந்து ரத்தம் எடுத்தாள். எல்லாம் சரியாக இருக்கிறது. ஒன்றுகூட எலும்பைக் கடிக்கவில்லை. நான் தினமும் அதைத்தான் பார்க்கிறேன். வேறு யாராவது பார்த்தால், இந்தப் பொம்பளை என்ன மாட்டின் வாயையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள் என்று நினைப்பார்கள்.

இவ்வளவு சுலபமான வேலை, மெர்வின். ஒரு மூட்டைத் தூள், ஒரு வாளி, கொஞ்சம் பொறுமை. போன வருஷம் இதே வயலில் நீ விசில் அடித்துக்கொண்டு வேலி நகர்த்தினாய். என் பொண்ணுங்களைப் பார் ரோனா, எப்படி மினுமினுக்குதுங்க என்று காட்டினாய். இந்தத் தூளும் அப்போது இருந்திருந்தால் நீ இப்போது இங்கே இருப்பாய். அவையும் இருந்திருக்கும்.

ஆப்பிள் தரம் பிரிக்கும் கொட்டகையில் வேலைக்குப் போனாய், கைக்கு வேலை இருந்த வரையில் நன்றாக இருந்தாய் என்று ஐலீன் சொன்னாள். சீசன் முடிந்த பிறகு மறுபடியும் அறையை விட்டு வருவதில்லை என்றும் சொன்னாள். முதலில் அதை என்னிடம் சொல்லவில்லை. போன சனிக்கிழமை போனில் அழுதுவிட்டாள். "அண்ணி, எனக்குப் பயமா இருக்கு" என்றாள். எதற்குப் பயம் என்று எனக்கே தெரியும்.

கன்று ஈனல் தொடங்க இன்னும் கொஞ்ச நாள் இருக்கிறது. வேலி நகர்த்துவதும் தூள் தூவுவதும் ஆர்னெலுக்கும் அவன் மனைவிக்கும் பழக்கம்தான். டூகல் தினமும் வந்து பார்ப்பதாகச் சொல்லிவிட்டார். புதன்கிழமை காலை விமானத்தில் நான் அங்கே வருகிறேன். நீ வரட்டும் என்று இத்தனை மாதம் இருந்தேன். உன்னால் அந்தக் கேட்டைத் தாண்ட முடியவில்லை. பரவாயில்லை, கேட்டுக்கு இந்தப் பக்கம் இருப்பவள் தாண்டி வரலாம் அல்லவா.

உன்னைக் கூட்டிப்போக வரவில்லை. பயப்படாதே. மாடுகளைப் பற்றிப் பேச வேண்டாம் என்றால் பேச மாட்டேன். பேச வேண்டும் என்றால், விழுந்த ஒவ்வொன்றையும் பற்றி, அதன் பெயர், அதன் குணம், அது எந்த மழையில் பிறந்தது என்று நாள் முழுக்கப் பேசலாம். ஒன்றுமே பேசாமல் அந்தத் தோட்டத்தில் இன்னொரு நாற்காலி போட்டு நானும் உட்காரத் தயார். திரும்பி வர மாட்டேன், இனி மாடே வேண்டாம் என்று நீ சொன்னால் அதையும் கேட்டுக்கொள்வேன். பண்ணையை ஆர்னெலிடம் பங்குக்கு விடுவது பற்றி டூகலிடம் ஏற்கெனவே பேசி வைத்திருக்கிறேன். எனக்கு வருத்தம்தான், இல்லை என்று சொன்னால் நீ நம்பமாட்டாய். ஆனால் மந்தை இல்லாமல் இருக்க எனக்குப் பழகிவிடும்.

விமான நிலையத்துக்கு வர வேண்டாம். ஐலீன் வருவாள். முகம் மழிக்க வேண்டாம், நல்ல சட்டை போட வேண்டாம், என்னிடம் என்ன சொல்வது என்று யோசித்து வைக்க வேண்டாம். புதன்கிழமை வரைக்கும் ஐலீன் சொல்வதைக் கேள். ராத்திரி அறைக் கதவைத் திறந்து வைக்கச் சொன்னால் திறந்து வை.

நான் வந்து கதவைத் தட்டும்போது நீ இரு, மெர்வின். உன்னிடம் நான் கேட்பது அது ஒன்றுதான். நீ இரு.

உன்
ரோனா